முதல் அனுப்புநரைக் கண்டறியும் விதி (இந்தியா)

முதல் அனுப்புநரைக் கண்டறியும் விதி என்பது இந்தியாவின் 2021 ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளில் 4(2) ஆவது விதியைக் குறிக்கும். ஒரு செய்தியை நாட்டில் முதன்முதலில் அனுப்பியவரை, நீதிமன்றமோ உரிய அதிகாரியோ ஆணையிட்டால், பெரிய செய்திச் செயலிகள் அடையாளம் காட்ட வேண்டும். குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமைப் படங்களைப் பரப்புவோரைக் கண்டுபிடிப்பது இதன் நோக்கங்களுள் ஒன்று.

பின்னணி

2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் தன் செய்திகள் அனைத்துக்கும் முழு மறையாக்கம் வழங்கியது. அனுப்புபவர், பெறுபவர் ஆகியோரின் கருவிகளில் மட்டுமே செய்தியைப் படிக்க இயலும். நிறுவனத்தாலும் படிக்க இயலாது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தது.

சென்னை வழக்கு

2018 இல் சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்கக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் தாக்கலாயின. விசாரணை, செய்தியின் மூலத்தைக் கண்டறிவது பற்றியதாக விரிந்தது. ஒவ்வொரு செய்தியுடனும் முதல் அனுப்புநரின் அடையாளத்தைச் சேர்த்து அனுப்பலாம் என்று சென்னை ஐஐடி பேராசிரியர் வி. காமகோடி 2019 இல் பரிந்துரைத்தார். இது தனியுரிமையைக் குறைக்கும், குற்றவாளிகளைத் தடுக்காது என்று மும்பை ஐஐடி பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் மறுத்தார். 2019 அக்டோபரில் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது.

குழுவும் விதியும்

ஜெய்ராம் ரமேஷ் தலைமையிலான மாநிலங்களவைக் குழு 2020 சனவரியில் 40 பரிந்துரைகளை அளித்தது. குழந்தைகளின் ஆபாசப் படங்களைப் பரப்புவோரைக் கண்டறிய மறையாக்கத்தை உடைக்க அனுமதிப்பது அவற்றுள் ஒன்று. 2021 பிப்ரவரி 25 அன்று விதிகள் வெளியாயின. செய்தியின் உள்ளடக்கத்தை வெளியிடத் தேவையில்லை, தனியுரிமையில் குறைவாகத் தலையிடும் வேறு பயனுள்ள வழி இருந்தால் ஆணையிடக் கூடாது என்னும் வரம்புகளும் அவற்றில் உள்ளன.

எதிர்ப்பு

2021 மே மாதத்தில் வாட்ஸ்அப் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது. எந்தச் செய்தி பின்னாளில் கேட்கப்படும் என்று முன்கூட்டியே தெரியாததால், எல்லோருடைய எல்லாச் செய்திகளுக்கும் தடம் வைக்க நேரிடும் என்பது அதன் வாதம். மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டு வெளியேறுவோம் என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் கூறினார்.

இரு தரப்பிலும் குழந்தைகளின் நலன் அடங்கியுள்ளது. வன்கொடுமைப் படம் பகிரப்படும் ஒவ்வொரு முறையும் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு மீண்டும் தீங்கு நேர்கிறது. அதே குழந்தை பிறர் அறியாமல் உதவி கேட்பதற்கும் பாதுகாப்பான வழி வேண்டும். படிக்காமலே தடுக்கும் வழிகளும் நடைமுறையில் உள்ளன: மறையாக்கம் செய்யப்படாத சுயவிவரப் படங்களை, அறியப்பட்ட வன்கொடுமைப் படங்களுடன் வாட்ஸ்அப் ஒப்பிடுகிறது, பயனர்களின் புகார்களையும் ஆராய்கிறது.