புரியின் பூர்வீகம்

கொழும்பில் கொட்டாஞ்சேனைக்குத் தெற்கே கிடக்கும் பழைய சோனகத் தெருவில் கால் வைத்ததும் எதிர்கொள்வது இரும்பும் எண்ணெயும் கலந்த வாசனை. அங்குள்ள கடைகளில் எல்போ, ரீ, சொக்கெட், நிப்பிள், யூனியன் என்று பெட்டி பெட்டியாகக் குவிந்து கிடக்கும் குழாய்ப் பொருத்துகளைச் சாமான்யப் பொருள்களென்றே நெடுங்காலம் நானும் எண்ணியிருந்தேன். அவற்றில் வெட்டப்பட்டிருக்கும் மெல்லிய திருகுப் புரியிலே இந்நகரத்தின் சரித்திரம் ஒன்று சுருண்டு கிடக்கிறது என்பதை, வெள்ளவத்தையில் ரயர்க் கடை நடத்தும் உறவினர் ஒருவருக்கு எயார் கொம்பிரஸர் பூட்டத் துணை போன நாளிலேதான் உணர்ந்தேன்.

1864ஆம் ஆண்டு இறுதியில் கொழும்பிலிருந்து அம்பேபுச வரை புகையிரதம் ஓடத் தொடங்கியது; 1875இல் வேல்ஸ் இளவரசர் துறைமுக அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டினார்; 1886 அளவில் லபுகம நீர்த்தேக்கத்துத் தண்ணீர் குழாய் வழியே நகரை அடைந்தது. இவற்றுக்கு வேண்டிய யந்திரங்களோடும் குழாய்களோடும் ஆங்கில நாட்டு அளவுப் பிரமாணமும் கப்பலேறி வந்து இங்கே நிலைகொண்டது. ஜோசப் விட்வொர்த் என்பவர் 1841இல் 55 பாகைக் கோணத்தில் வகுத்த புரியே அதன் மூலம். குழாய்களுக்கென அது 1905இல் பிரித்தானிய நியமமாக எழுதப்பட்டது. ஆட்சி போயிற்று, மீற்றர் அளவும் வந்தது, ஆயினும் கடைக்காரர் இன்றும் கேட்பது, "அரையா, முக்காலா, ஒரு அங்குலமா?" என்பதையே.

அந்த அரை அங்குலத்தைத்தான் பாருங்கள். அரை அங்குல இரும்புக் குழாயை அளவுகோல் வைத்து அளந்தால் எந்தப் பக்கத்திலும் அரை அங்குலம் கிடைக்காது. வெளிவிட்டம் ஏறக்குறைய 21 மில்லிமீற்றர். தடித்த சுவருடைய பழங்காலக் குழாயின் உள்துவாரத்துக்கு இட்ட பெயர், சுவர் மெலிந்து துவாரம் அகன்ற பின்னும் நிலைத்துவிட்டது. பழைய பொருத்துகளில் புதிய குழாயும் ஏற வேண்டுமென்பதற்காக வெளிவிட்டத்தை மாற்றாது காத்தார்கள்.

அமெரிக்கரோ 60 பாகைக் கோணமுடைய வேறொரு குழாய்ப் புரியை 1886இல் தமது நியமமாக ஏற்றுக்கொண்டனர். இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் விபரீதம் தொடங்குகிறது. கால் அங்குலத்தில் அங்குலத்துக்கு நம்முடையது 19 புரி, அவர்களுடையது 18. ஆகையால் ஒன்றோடொன்று சிக்கி நின்று தவறை உடனே சொல்லிவிடும். அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்கும் 14 புரியே. ஆகையால் நண்பனைப் போல உள்ளே ஏறிவிட்டுப் பின்னர் காற்றைக் கசியவிடும். சணலும் திரெட் டேப்பும் எத்தனை சுற்றினாலும் அந்தக் கோணப் பிழை தீராது. ஜப்பானியர் தமது குழாய்ப் புரிக்குப் பிரித்தானிய வடிவத்தையே கைக்கொண்டமையால், பஞ்சிகாவத்தையில் விலைக்கு வரும் ஜப்பானிய யந்திரங்களிற் பெரும்பாலானவை நம் கடைப் பொருத்தோடு இணங்கிவிடுகின்றன.

நாங்கள் சென்ற கடையின் முதியவர் அளவு கேட்கவில்லை. "தம்பி, கழற்றின பழசைக் கொண்டு வந்தனீங்களோ?" என்றார். கொடுத்த நிப்பிளைத் துணியால் துடைத்து, ஒரு சொக்கெட்டில் விரலாலேயே திருப்பினார்; மூன்றரைச் சுற்று இலகுவாக ஏறி, நான்காவதில் இறுகிற்று. "இது நம்ம புரி" என்று சொல்லி மேசையில் வைத்தார். அந்த விரல்களின் ஞானம் எந்தப் புத்தகத்துக்கும் குறைந்ததன்று.

ஆனால் தண்ணீரிற் பழகிய கைகள் காற்றிலே பிழை செய்வதுண்டு. அமுக்கப்பட்ட காற்று சூடேறி, பின் குளிரும்போது கொழும்பின் ஈரக்காற்று சுமந்து வந்த நீரைக் குழாயிற் சொட்டவிடும். ஆகையாற் பிரதான குழாயைச் சற்றே சரிவாக இட்டு, கிளைகளை அதன் மேற்புறத்திலிருந்து எடுத்து, தாழ்ந்த முனையிலே வடிகால் வால்வு வைப்பது அவசியம். கொம்பிரஸரின் நடுக்கம் புரிகளைத் தளர்த்தாதிருக்க, முதல் இணைப்பு றப்பர்க் குழாயாக இருத்தல் நன்று. எல்லாவற்றிலும் பெரிய அபாயம், மலிவாயிருக்கிறதென்று பி.வி.சி. குழாயைக் காற்றுக்குப் பூட்டுவது. தண்ணீர் நிறைந்த குழாய் வெடித்தால் ஒழுகும். அமுங்கிய காற்று நிறைந்த பி.வி.சி. வெடித்தால் அதன் சில்லுகள் கத்திகளாகப் பறக்கும்.

ஆகையால் கடை வைத்திருக்கும் அன்பர்களே, பழைய பொருத்தைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். கசிவு கண்டால் மேலும் முறுக்காமல், புரி எந்த நாட்டது என்று முதலில் விசாரியுங்கள். காற்றுக்கு இரும்பையோ செம்பையோ நாடுங்கள்; பி.வி.சி.யை ஒருபோதும் நாடாதீர்கள்.