தேரி: தென்கோடிக் கடலோரத்தின் செம்மணல் மேடுகள்

தேரி என்பது தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில், கடற்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, மேடும் பள்ளமுமாகப் பரந்து கிடக்கும் செம்மணல் நிலம். திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையிலுள்ள குதிரைமொழித் தேரி இவற்றுள் பெரியது. ஏறத்தாழ 12,000 ஏக்கர். சுற்றுலாக் குறிப்புகள் இதைத் 'தமிழகத்தின் பாலைவனம்' என்று எழுதுவது பிழை. பொதுவாக ஆண்டுக்கு 250 மி.மீ.க்கும் குறைவாக மழை பெறும் நிலத்தையே பாலைவனம் என்பர். இங்கே அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் பெய்கிறது. அந்த மழை இல்லாமல் தேரிக்கு இந்த நிறமே வந்திருக்காது.

மணலைக் குவித்தது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளச் சரிவில் இறக்கிவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வறண்டு, வேகம் கூடி இந்தப் பக்கம் வருகிறது. முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுவதும் இதே காற்றுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தரை காய்ந்திருக்கும். செடிகொடிகளின் பிடிப்பில்லாத மணல் அப்போது எளிதில் கிளம்பும். ஆடி மாதத்தில் தேரிக்குள் நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த மணல் எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. மேற்கே மலையடிவாரத்துச் செம்மண்ணைக் காற்று வாரிக்கொண்டு வந்தது என்பது ஒரு கருத்து. மற்றொன்று கடலைக் காரணமாகச் சொல்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், உலகின் நீரில் இன்றைவிட அதிகப் பங்கு பனிப்பாளமாக உறைந்திருந்தது. கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மன்னார் வளைகுடாவில் கரையை ஒட்டிய ஆழம் குறைந்த அடித்தளம் வெளியே தெரிந்தது. கரைமணல் காற்றுக்கு வசப்பட்டது. தேரி மணலிலும் கடற்கரை மணலிலும் இல்மனைட், கார்னெட், சிர்க்கான் முதலிய கனமணல் தாதுக்கள் பொதுவாகக் காணப்படுவது இந்தக் கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. இரண்டு வழியிலும் மணல் வந்திருக்கலாம் என்று கொள்வதே பொருத்தம்.

சிவப்பு நிறம் மணல் குவிந்த பிறகு ஏறியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை மணலுக்குள் இறங்கி, இரும்பு கலந்த தாதுக்களைச் சிறிது சிறிதாகச் சிதைக்கிறது. வெளிப்பட்ட இரும்பு, காய்ச்சலான மாதங்களில் ஆக்சிஜனுடன் சேர்ந்து ஹேமடைட்டாக மாறி, ஒவ்வொரு குவார்ட்ஸ் மணியின் மேலும் மெல்லிய பூச்சாகப் படிகிறது. நனைவதும் காய்வதும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மாறிமாறி நடந்தால்தான் இது கைகூடும். மணல் ஓரளவு அசையாமலும் கிடக்க வேண்டும். கரையோரத்தில் இன்றும் நகர்ந்துகொண்டிருக்கும் மணல்மேடுகள் வெளிறியிருப்பதற்குக் காரணம் இதுவே. அதே மழை தேரியை அரிக்கவும் செய்கிறது. சரிவுகளில் ஆழமான ஓடைப்பள்ளங்களைக் காணலாம்.

தேரியின் வயதுக்கு மனிதரும் சாட்சி வைத்திருக்கிறார்கள். சாயர்புரம், மெஞ்ஞானபுரம் முதலிய இடங்களில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி ஃபிரெடெரிக் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956-இல் எழுதிய கட்டுரை இத்துறையில் முன்னோடி. அக்கருவிகளில் சிலவற்றில் செம்மண் நிறம் ஊறியிருந்தது. மேடுகள் சிவந்துகொண்டிருந்த காலத்திலேயே அவற்றின் மேல் வேட்டைக்காரர்கள் தங்கியிருந்தார்கள் என்று கருத இது இடம் தருகிறது.

பெய்யும் மழையைத் தேரி உடனே உறிஞ்சிக்கொள்ளும். பெரிய ஆறு எதுவும் உள்ளே ஓடாவிட்டாலும், தாழ்ந்த இடங்களில் சுனை ஊறுவதும், ஓரங்களில் 'தருவை' எனப்படும் ஆழமற்ற நீர்நிலைகள் மழைக்காலத்தில் நிறைவதும் இதனால்தான். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் அப்படியொரு சுனையை ஒட்டி அமைந்தது. பனை, உடைமரம், கொல்லாமரம் ஆகியவை மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. இவற்றை அகற்றிய இடத்தில் மணல் மறுபடி நகரத் தொடங்கும். சாத்தான்குளம் வட்டாரத்தில் இல்மனைட்டுக்காகத் திட்டமிடப்பட்ட டைட்டானியம் ஆலைக்கு 2007-இல் எழுந்த எதிர்ப்பில், நிலம் பறிபோகும் அச்சத்தோடு நிலத்தடி நீரைப் பற்றிய கவலையும் இருந்தது.

இதையொத்த செம்மணல் படிவுகள் வேறிடங்களிலும் உண்டு. இலங்கையின் உலர்வலயக் கரையில் உள்ள இரணைமடுப் படிவு நெருங்கிய உறவு. அதிலும் கற்கருவிகள் கிடைத்துள்ளன. விசாகப்பட்டினத்துக்கு வடக்கே பீமுனிப்பட்டினம் அருகிலுள்ள செம்மணல் குன்றுகள் தேசியப் புவியியல் மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டவை. இங்கே குதிரைமொழித் தேரியின் பெரும்பகுதி காப்புக்காடாக வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது.