துயில் தந்த தூள்

உறக்கம் விலையின்றிக் கிடைக்கும் செல்வம். அது வாராதவனுக்கே அதன் அருமை விளங்கும். அச்செல்வத்தை மருந்தினால் பெற முயன்ற மனிதனின் வரலாற்றை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

1864ஆம் ஆண்டில் அடால்ப் பான் பேயர் என்னும் ஜெர்மானிய அறிஞர் பார்பிட்யூரிக் அமிலத்தை உருவாக்கினார். அதற்கு உறக்கமூட்டும் ஆற்றல் இல்லை. 1903இல் எமில் பிஷரும் ஜோசப் பான் மேரிங்கும் அதன் வழிவந்த பார்பிட்டல் துயில் தருவதை அறிவித்தனர். அது 'வெரோனல்' என்ற பெயருடன் விற்பனைக்கு வந்தது. முன்னர் வழங்கிய குளோரல் ஹைட்ரேட்டு நாவுக்கும் மூக்குக்கும் ஒவ்வாதது; வெரோனலோ மணமற்ற வெண்தூள். 1912இல், அவ்வினத்தைச் சேர்ந்த பினோபார்பிட்டல் வலிப்பையும் அடக்கும் என்று ஆல்பிரட் ஹாப்ட்மன் கண்டார்.

இத்தகைய நன்மருந்தில் தீங்கு எங்கே ஒளிந்திருந்தது? பழக்கத்தில் என்பேன். நாள்பட உண்பவருக்கு முந்தைய அளவு போதாது. உறக்கத்திற்கு மேலும் மேலும் வேண்டியதாகிறது. ஆனால் மூச்சை நிறுத்தும் அளவு அதற்கு ஈடாக உயர்வதில்லை. துயிலுக்கும் சாவுக்கும் இடையேயுள்ள வெளி இவ்வாறு குறுகிவிடுகிறது. மதுவும் சேர்ந்தால் அபாயம் பன்மடங்காகும். பீட்டில்ஸ் இசைக்குழுவின் மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் 1967 ஆகஸ்டில், தம் 32ஆம் வயதில், பார்பிட்யூரேட் கலந்த தூக்க மாத்திரையால் மாண்டார். அது விபத்தே என விசாரணை முடிவு கூறியது.

திடீரென நிறுத்துவதும் கேடே. நெடுநாள் மிகுதியாக உண்டவர் சட்டென விட்டால் வலிப்பும் மனக்குழப்பமும் தோன்றக்கூடும் என்பதை ஹாரிஸ் இஸ்பெல் குழுவினரின் ஆய்வு 1950இல் மெய்ப்பித்தது.

1960இல் குளோர்டயாசெபாக்சைடு வந்தபின் வேறு மருந்துகள் பெருகி, தூக்க மருந்து என்னும் இடத்தைப் பார்பிட்யூரேட்டுகள் பெரும்பாலும் இழந்தன. வலிப்பு நோய்க்குப் பினோபார்பிட்டல் இன்றும் பயன்படுகிறது.

ஆகவே, வீட்டில் எவரேனும் இம்மருந்தை உண்பாராயின் சிலவற்றை நினைவிற் கொள்ளுங்கள். மருத்துவர் குறித்த அளவை மீறலாகாது. அவரைக் கேளாமல் நிறுத்தவும் கூடாது. மது அறவே வேண்டா. பிற மருந்துகளையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சிலவற்றின் ஆற்றலை இது குறைத்துவிடும். மயக்கம் தெளியுமுன் வண்டி ஓட்டலாகாது. மாத்திரைப் புட்டி தலைமாட்டில் இருத்தல் தகாது. அரைத்தூக்கத்தில் மறந்து மறுமுறை உண்ண நேரலாம். ஒருவருக்குத் தந்ததைப் பிறர்க்கு ஈதல் தருமமாகாது. அளவு மீறிவிட்டது என ஐயுற்றால் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். இதற்கு மாற்று மருந்து இல்லை, மூச்சைக் காப்பதே சிகிச்சை.

மருந்தைக் கண்டறிய அறிவு போதும். அளவோடு ஆள அடக்கமும் வேண்டும். வெரோனலின் வரலாறு எனக்குக் கற்பித்த பாடம் இதுவே.