மலையகம் உலகுக்குக் கற்பித்த பாடம்

நானுஓயாவுக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது 1885ஆம் ஆண்டில். அன்று தொட்டு மலைநாட்டுத் தேயிலை பெட்டி பெட்டியாக அவ்வழியே கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கி, உலகத்தார் கோப்பைகளிற் சென்று சேர்ந்த வரலாற்றை அறியாதார் இலர். ஆயினும், இம்மலைகளிலிருந்து உலகம் பெற்றுக்கொண்டது தேயிலை மட்டுமன்று. பல்லையும் ஈறையும் பற்றி இன்று உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்க்குக் கற்பிக்கப்படும் பாடங்களுள் தலையாயதொன்று, மலையகத் தோட்டத் தொழிலாளரின் வாயிலிருந்தே பிறந்தது. அப்பாடம் யாது? கற்பித்தவர்க்கு அதனால் விளைந்த பயன் யாது? இவ்விரண்டும் சிந்திக்கத்தக்கன.

தோட்டங்களில் மருத்துவம் என்பது நெடுங்காலம் கொடிய நோய்களைத் தடுப்பதையே முதற் கடமையாகக் கொண்டிருந்தது. வாந்திபேதி உயிரைக் கொண்டுபோயிற்று. கொக்கிப்புழு நோய் உடல் வலிமையை உறிஞ்சிற்று. 1912ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மருத்துவத் தேவைகள் சட்டமும், தொழிலாளரின் நோய்கள் பற்றிய சட்டமும் இந்நிலையை நோக்கி எழுந்தவையே. பல் நோய்க்கு அந்த வரிசையில் முன்னிடம் கிடைக்கவில்லை. பல்வலி கண்டவர் பிரட்டுக் களத்துக்கு வராமல் இருப்பதில்லை அல்லவா! கன்னத்தைப் பிடித்துக்கொண்டேனும் மலைக்கு ஏறியே ஆகவேண்டும். பட்டணத்து வைத்தியசாலைக்குப் போனால் அன்றைய பேர் இல்லை. பேர் இல்லையேல் சம்பளமும் இல்லை. ஆகவே லயத்தில் கிராம்பும் உப்புநீருமே மருந்தாயின. வலி தணிந்தால் நோயும் தீர்ந்தது என்று எண்ணும் வழக்கமும் வேரூன்றிற்று.

இந்நிலையிற்றான் 1970ஆம் ஆண்டில் ஹரால்ட் லோ என்னும் நோர்வே நாட்டுப் பல் மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தனர். பதினைந்து முதல் முப்பது வயது வரையுள்ள ஆண் தொழிலாளர் 480 பேரின் வாயை அவர்கள் சோதித்தனர். பின்னர் 1971, 1973, 1977, 1982, 1985 ஆகிய ஆண்டுகளிலும் வந்து சோதித்தனர். சோதித்தவர்கள் ஒவ்வொரு முறையும் அதே இரு வைத்தியர்களே. இறுதிச் சோதனையில், முதன்முதற் சோதிக்கப்பட்டவர்களுள் 161 பேர் எஞ்சியிருந்தனர். ஒப்புநோக்குதற் பொருட்டு, சிறுவயது முதலே முறையான பல் மருத்துவம் பெற்று வந்த ஒஸ்லோ நகரத்து ஆடவர் குழு ஒன்றும் 1969ஆம் ஆண்டு தொடங்கி ஆராயப்பட்டது.

தோட்டத் தொழிலாளர் பற்களை முறைப்படி துப்புரவு செய்யும் பழக்கம் இல்லாதவர்கள். அவர்கள் பற்களில் அழுக்குப் படலமும் காரையும் தடித்திருந்தன. ஏறக்குறைய எல்லோர்க்கும் ஈறு அழற்சி கண்டிருந்தது. ஆனால், வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. பற்சொத்தை என்பது அவர்களிடம் இல்லை என்றே சொல்லலாம். சொத்தையில்லாமலே பற்கள் விழுந்தன. பல்லைத் தாங்கி நிற்கும் ஈறும் எலும்பும் சிறிது சிறிதாகக் கரைந்தமையே அதற்குக் காரணம்.

கரைந்த அளவோ எல்லோரிடத்தும் ஒன்றாக இருக்கவில்லை. நூற்றுக்கு எட்டுப் பேரிடம் நோய் விரைந்து சென்றது. எண்பத்தொரு பேரிடம் நிதானமாக நடந்தது. பதினொரு பேரிடம் ஈறு அழற்சியோடு நின்றுவிட்டது. விரைந்து கெட்டவர்கள் முப்பத்தைந்து வயதில் சராசரி பன்னிரண்டு பற்களையும், நாற்பதில் இருபதையும், நாற்பத்தைந்தில் எல்லாப் பற்களையும் இழந்தனர். நாற்பது வயதை நெருங்கும்போது, பல்லின் பிடிமானம் ஒஸ்லோ நகரத்தாரிடம் சராசரி ஒன்றரை மில்லிமீற்றரளவு குறைந்திருக்க, தோட்டத்தாரிடமோ நாலரை மில்லிமீற்றர் குறைந்திருந்தது. 1986ஆம் ஆண்டில் வெளிவந்த இம்முடிவுகள் உலகப் பாடநூல்களில் இடம்பெற்றன. பல்லை இழந்த தொழிலாளியின் பெயரைப் பாடநூல் சொல்வதில்லை. அவன் இழந்த பற்களின் எண்ணிக்கையை மட்டும் அது மறவாது சொல்கிறது.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை யாது? பல்லைக் கொண்டுபோகும் நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதே. வலியை எதிர்பார்த்து இருப்பவர், பல் ஆடும்வரை இருந்துவிடுவர். வலிக்கு முன்னே வரும் அறிகுறி இரத்தம். பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிந்தால், அதுவே வைத்தியரை நாடவேண்டிய காலம். அந்நிலையில் ஈறைக் காப்பாற்றிவிடலாம் என்பதையும் அதே லோவே 1965ஆம் ஆண்டில் டென்மார்க்கில் நிறுவியிருந்தார். நல்ல ஈறுடைய பன்னிருவர் பல் துலக்குவதை நிறுத்தினர். மூன்று வாரத்துக்குள் அனைவர்க்கும் ஈறு அழன்றது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஈறு பழைய நிலையை அடைந்தது.

சொத்தையால் வரும் வலி வேறு வகையினது. குளிர்ந்த நீர் பட்டதும் சுரீரென்று கூசி உடனே மறைவது முதற்படி. இரவில் தூங்கவிடாது விண்விண்ணென்று தெறிப்பது அடுத்த படி. பல நாள் தெறித்த பல் திடீரென ஓய்ந்தால் நோய் தீர்ந்தது என மகிழ்வதற்கில்லை. உள்ளிருக்கும் நரம்பு இறந்திருக்கலாம், சீழ் அடியில் வளர்ந்துகொண்டிருக்கலாம். கிராம்புத் தைலம் வலியை மரக்கச் செய்யும், சொத்தையை ஆற்றாது. முகம் வீங்குதல், காய்ச்சல் காணுதல், வாய் திறக்கவோ விழுங்கவோ இயலாமை ஆகியவை தோன்றின், மறுநாள்வரை பொறுத்தல் தகாது. பல் பிடுங்கியபின் வலி நாளுக்கு நாள் குறையவேண்டும். மூன்றாம் நாளளவில் அது குறையாது கூடினால் மீண்டும் வைத்தியரிடமே செல்லவேண்டும். புண் ஆறும்வரை வெற்றிலையும் புகையும் விலக்கத்தக்கவை.

நாட்டில் பல் மருத்துவக் கல்வி வளர்ந்த கதையும் மலையகத்துக்கு அண்மையிலேயே நிகழ்ந்தது. 1940களில் கொழும்பில் தொடங்கிய பட்டப்படிப்பு 1950களில் பேராதனைக்கு மாற்றப்பட்டது. அதே பத்தாண்டில், 1921இல் பாடசாலைப் பல் தாதியரை முதன்முதற் பயிற்றிய நியூசிலாந்தின் துணையோடு, கொழும்புத் திட்டத்தின்கீழ் மகரகமவில் அத்தகைய தாதியர்க்குப் பயிற்சி தரப்பட்டது. இன்று பேராதனையில் பல் போதனா வைத்தியசாலையும், நுவரெலியாவில் மாவட்டப் பொது வைத்தியசாலையும் உள்ளன. தேயிலையைச் சுமந்து இறங்கிய அதே புகையிரதப் பாதை, நானுஓயாவிலிருந்து பேராதனைக்கும் செல்கிறது.

2010ஆம் ஆண்டில், நாற்பது ஆண்டுகளுக்குமுன் சோதிக்கப்பட்டவர்களைத் தேடிச் சென்றபோது 75 பேர் மீண்டும் சோதனைக்குக் கிடைத்தனர். அவர்கள் கற்பித்த பாடத்தால் உலகின் எத்தனையோ வாய்கள் காக்கப்பட்டுள்ளன. பல் போனால் சொல் போச்சு என்பர். அவர்தம் பேரப்பிள்ளைகளின் பல்லும் சொல்லும் நிலைக்கவேண்டுமாயின், அப்பாடம் லயத்து வாசலுக்கும் வந்து சேரவேண்டும். இரத்தம் கசியும் ஈறோடு வைத்தியரிடம் செல்லும் தொழிலாளிக்கு அன்றைய பேர் போகாதிருக்க வழிசெய்தல், உலகம் அவருக்குச் செலுத்தவேண்டிய கடனில் ஒரு சிறு பகுதியே ஆகும்.