கக்கத்துல பூத்தா சாரணை

இன்னிக்கு ஒரு கீரைக் கதை.

போன வருஷம் ஐப்பசி மழை முடிஞ்சு மொரப்பூர் போயிருந்தேன். உடம்பு முடியாம இருந்த ஆயா, "கொல்லையில மூக்கிரட்டை இருக்கும், பறிச்சுட்டு வா கண்ணு"ன்னு சொன்னாங்க. நானும் பெரிய வேட்டைக்காரன் மாதிரி ஒரு கட்டு கொண்டு வந்தேன். ஆயா ஒரு கிள்ளு எடுத்துப் பார்த்துட்டுச் சிரிச்சாங்க.

"இது சாரணைடா. பூ கக்கத்துல ஒளிஞ்சிருந்தா சாரணை. காம்பு நீட்டி வெளியே வந்து கொத்தா பூத்தா மூக்கிரட்டை."

அவ்வளவுதான். ஒரே ஒரு இஃப்-எல்ஸ்! ரெண்டுமே தரையில படரும், ரெண்டுக்கும் இலை எதிரெதிரா ஜோடியா வரும், அந்த ஜோடியில ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு. இலையை மட்டும் பார்த்தா என்னை மாதிரி ஆள் ஏமாறத்தான் செய்வான். நான் மட்டும் இல்லை, மருந்துச் சரக்கிலேயே மூக்கிரட்டைக்குப் பதிலா சாரணை கலந்து வர்றது ஆய்வுகள்ல பதிவான விஷயம்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். செடியை அடையாளம் காண முதல்ல உறுப்புகளுக்குப் பேர் வேணும். இது தொல்காப்பியருக்கே தெரிஞ்சிருக்கு. மரபியல்ல, வைரம் வெளிப்பக்கம் இருந்தா புல், உள்ளே இருந்தா மரம்னு பிரிக்கிறார். அந்தக் கணக்குல தென்னையும் பனையும் புல்! இன்னிக்குத் தாவரவியலும் அதுகளைப் புல்லோட சேர்த்து ஒருவித்திலைத் தாவரம்னுதான் சொல்லுது. தோடு, மடல், ஓலை, பாளை, ஈர்க்கு எல்லாம் புல்லுக்கு. தளிர், முறி, சினை, குழை, அரும்பு, நனை எல்லாம் மரத்துக்குன்னு பட்டியலும் போடுறார்.

ஆனா பேர் மட்டும் போதாது. கபிலரோட குறிஞ்சிப்பாட்டுல 99 பூ வருது. அதுல சிலது எந்தச் செடின்னு இன்னும் சண்டை ஓயலை. காரணம், பேர் இருக்கு, இலை எப்படி, பூ எங்கேங்கிற விவரம் இல்லை.

அந்த விவரத்தை முறைப்படுத்தினவர் லின்னேயஸ். 1751ல கலைச்சொற்களுக்கு விதி எழுதினார். 1753ல செடிகளுக்கு ரெட்டைப் பேர் வெச்சார். நம்ம மூக்கிரட்டை போயர்ஹாவியா டிஃப்யூசா ஆனதும், சாரணை ட்ரையாந்தீமா போர்ச்சுலகாஸ்ட்ரம் ஆனதும் அந்தப் புத்தகத்துலதான். அவர் மாணவர் கோனிக் 1768ல தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். 1776ல வந்த பாதிரியார் ராட்லர் செடியும் சேகரிச்சார், தமிழ் அகராதியும் தொகுத்தார். ஒரே ஆள்!

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இலைக்காம்பு தண்டோட சேர்ற இடத்தை நம்ம பாடப்புத்தகம் 'இலைக்கோணம்'னு சொல்லுது. லத்தீன்ல அதுக்கு 'ஆக்ஸில்லா'. அர்த்தம் என்ன தெரியுமா? கக்கம்! ஐரோப்பியத் தாவரவியலாளர்கள் புழங்கின அதே உவமையை, பள்ளிக்கூடம் போகாத எங்க ஆயா சொந்தமா வெச்சிருந்தாங்க. நான் பன்னெண்டாவது வரைக்கும் உயிரியல் படிச்சு, இலைக்கோணத்தை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினேன். கொல்லையில நின்னப்ப அது உதவலை.

அடுத்த மாசமே ஆயா போயிட்டாங்க. தொய்யக்கீரை, பண்ணைக்கீரைக்கெல்லாம் என்ன அடையாளம் வெச்சிருந்தாங்கன்னு நான் கேக்கவே இல்லை. மூக்கிரட்டையைப் பத்தி மட்டும்தான் என்கிட்ட இருக்கு. அதனாலதான் இந்தப் பதிவு. உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட, "இது என்ன கீரை"ன்னு கேட்டா பாதிதான் கிடைக்கும். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க"ன்னு கேளுங்க. கிடைச்சதைப் பின்னூட்டத்துல போடுங்க.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் நேரா காட்டுக்குப் போய்ப் பறிச்சுச் சாப்பிடாதீங்க. தெரிஞ்சவங்க கையால கிள்ளிப் பார்க்காத எதுவும் எங்க வீட்டுல சட்டிக்குள்ள போனதில்லை.