காப்பி இல்லாத வீடு: மதராஸுக்கு வந்த மார்மன்கள்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில் கேம்ப் ரோடு, இராஜகீழ்ப்பாக்கம் இரண்டையும் கடந்தால் செம்பாக்கம். ஏரியும் வயலுமாக இருந்த ஊர் கண்ணெதிரே நகராட்சியாகி, 2021-இல் தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதியும் ஆகிவிட்டது. இங்கே குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பார்க்கச் சென்றேன். எலுமிச்சைச் சாறு வந்தது. அடுத்த முறை ராகிக் கஞ்சி. மார்கழிக் காலையில் ஒருநாள் சென்றபோது சுக்கும் பனங்கருப்பட்டியும் போட்ட வெந்நீர். ஒரு தமிழ் வீட்டில் மூன்று முறை காலெடுத்து வைத்தும் காப்பி என்ற சொல்லே காதில் விழாதது எனக்கு வியப்பாக இருந்தது. ஆனால் அடுக்களை அலமாரியில் நன்கு தேய்த்து வைத்த பித்தளை ஃபில்டர் ஒன்றைக் கண்டேன். மணமும் வந்தது. “அது அத்தைக்கு சார். நாங்க குடிக்கிறதில்லை” என்றார் அந்த வீட்டு அம்மாள்.

கணவனும் மனைவியும் மார்மன்கள். கணவரின் தாயார் திருநெல்வேலிப் பக்கத்துத் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தவர். பிறந்த சபையை விட்டு அவர் வரவில்லை. மாமியாருக்கு இரண்டு வேளையும் காப்பி கலந்து கொடுக்கும் மருமகள் அதில் ஒரு துளியும் நாவில் படவிடுவதில்லை. இந்த ஃபில்டரின் கதையைத் தேடிப் புறப்பட்டதன் விளைவே இக்கட்டுரை.

பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். இவர்களது சபையின் முழுப்பெயர் ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’. அவர்கள் வேதாகமத்தோடு சேர்த்துப் போற்றும் மார்மன் புஸ்தகத்தை ஒட்டிப் பிறர் வைத்த பெயர்தான் மார்மன்கள். 2018 முதல் அச்சபையின் தலைமை முழுப்பெயரையே வழங்குமாறு வற்புறுத்தி வருகிறது. வாசகர்களுக்குப் பழகிய பெயர் என்பதால் இங்கே சுருக்கப்பெயரைக் கையாள்கிறேன். இழிவு கருதி அல்ல.

*

1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் இச்சபையை நிறுவினார். காப்பி விலக்கின் மூலம் 1833-ஆம் ஆண்டில், ஒஹாயோவின் கர்ட்லண்ட் என்ற சிற்றூரில் இருக்கிறது. ஸ்மித் தம்பதியர் ஒரு கடையின் மாடியில் குடித்தனம் நடத்தினர். அங்கேயே ஓர் அறையில் ஊழியத்துக்குத் தயாராகும் ஆண்கள் கூடிப் பாடம் கேட்டனர். அவர்கள் குழாய்ப் புகை பிடித்தனர். புகையிலையை மென்று தரையிலேயே துப்பினர். கறையைத் துடைத்தெடுக்கும் வேலை எம்மா ஸ்மித்தின் தலையில் விழுந்தது. அவருடைய முறையீடும் புகை மண்டிய அறையும் சேர்ந்தே கணவரைச் சிந்திக்க வைத்தன என்று பிற்காலத்தில் பிரிகாம் யங் நினைவுகூர்ந்திருக்கிறார். அதன்பின் வெளியானதே ‘ஞான வார்த்தை’ எனப்படும் வெளிப்பாடு. மது, புகையிலை, சூடான பானங்கள் ஆகியவை விலக்கப்பட்டன. சூடான பானம் என்பது தேநீரும் காப்பியும் என்று பொருள் கொள்ளப்பட்டது. வீடு துடைத்துக் களைத்த ஒரு பெண்ணின் முறையீடு வேதவாக்கின் தோற்றுவாயில் நிற்பதை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

அச்சபையின் பிற அமைப்புகளும் இப்படி வீட்டிலிருந்தே கிளைத்திருக்கின்றன. நாவூ நகரில் ஆலயம் கட்டும் தொழிலாளர்களுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கலாமே என்று ஒரு சீமாட்டியும் அவர் வீட்டுத் தையற்காரியும் பேசிக்கொண்டதிலிருந்து, 1842 மார்ச் 17-இல் மாதர் அமைப்பு உருவாயிற்று. எம்மாவே முதல் தலைவி. தமிழில் இதற்கு ‘ஒத்தாசைச் சங்கம்’ என்று அழகாகப் பெயரிட்டிருக்கிறார்கள். மாதத்தில் ஒருநாள் இரண்டு வேளை உணவை விட்டு, மிச்சமாகும் பணத்தை ஏழைகளுக்குக் கொடுக்கும் உபவாசமும் அடுக்களைக் கணக்குதான். 1896 வரை வியாழக்கிழமையில் இருந்த இவ்வழக்கம் பின்னர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கு மாறியது. வாரத்தில் ஒரு மாலையைக் குடும்பத்துக்கென ஒதுக்குமாறு 1915-இல் சபை அறிவுறுத்தியது. 1970-இல் அது திங்கட்கிழமை என உறுதிப்பட்டது. செம்பாக்கத்திலும் திங்கள் மாலை ஏழரை மணிக்குப் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி அணைந்துவிடும். ஒரு பாட்டு, ஒரு பிள்ளை வாசிக்கும் சிறு பகுதி, பிறகு பாயசமோ சுண்டலோ. ஏதேனும் விளையாட்டும் உண்டு.

*

இச்சபையின் மதராஸ் வருகை இன்றோ நேற்றோ நிகழ்ந்ததன்று. 1852 ஆகஸ்டு இறுதியில் சால்ட் லேக் சிட்டியில் சிறப்பு மாநாடு கூடியது. உலகின் பல திசைகளுக்கும் ஊழியர்கள் அங்கே நியமிக்கப்பட்டனர். இந்தியாவுக்கு ஒன்பது பேர். அதுவரை அரசல்புரசலாக இருந்த பலதார மணத்தைச் சபை உலகறிய அறிவித்ததும் அதே மாநாட்டில்தான். ஊழியர்களோடு அந்தச் செய்தியும் கப்பலேறியது. 1853 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் புறப்பட்டவர்கள் ஏப்ரலில் கல்கத்தாவில் இறங்கினர். அவர்களில் ரிச்சர்ட் பாலண்டைன், ராபர்ட் ஸ்கெல்டன் ஆகிய இருவரும் ஜூலையில் மதராஸ் வந்து சேர்ந்தனர்.

பாலண்டைன் ஸ்காட்லாந்தில் பிறந்து, ரொட்டி சுடும் தொழில் பழகியவர். பாலை நிலத்தில் குடியேறிய இரண்டே ஆண்டுகளில், 1849 டிசம்பரில், தாம் கட்டிய வீட்டின் கூடத்திலேயே அக்கம்பக்கத்துக் குழந்தைகளைக் கூட்டி ஞாயிறு பள்ளி தொடங்கினார். இன்று உலகெங்கும் நடக்கும் மார்மன் ஞாயிறு பள்ளிகளுக்கு அதுவே முதல் விதை. பிள்ளைகள் அமர்வதற்கு ஓர் அறை வேண்டும் என்று முதலில் கவலைப்பட்ட மனிதர், மதராஸில் அப்படி ஓர் அறை இல்லாமல் நின்றார். மனைவியும் குழந்தைகளும் ஊட்டாவில். கையில் பணமில்லாமல், கேட்பவர் தரும் உணவையும் இடத்தையும் நம்பிச் செல்வதே அன்றைய ஊழியர்களின் விதி. அமெரிக்கக் கிராமங்களில் செல்லுபடியான அந்த முறை இங்கே எடுபடவில்லை.

அவர்கள் தமிழ் கற்கவில்லை. பேசியதெல்லாம் ஆங்கிலம் தெரிந்த ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர்களிடமே. கேட்பவர்களில் பலர் படைவீரர்கள், அதாவது தாங்களும் வீடில்லாதவர்கள். பாளையங்களில் பிரசங்கிக்கக் கம்பெனி அதிகாரிகள் எளிதில் இடம் கொடுக்கவில்லை. பிற சபைகளின் போதகர்கள் பலதார மணத்தைச் சுட்டித் தாக்கினர். பாலண்டைன் துண்டுப் பிரசுரங்களால் பதில் சொன்னார். 1854-இல் மதராஸிலேயே ஒரு மாத இதழும் அச்சிட்டார். எனினும் சேர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அவ்வாண்டின் நடுப்பகுதியில் உடல்நலம் குன்றிய நிலையில் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். ஸ்கெல்டன் தங்கிப் போராடிப் பார்த்துவிட்டு 1856-இல் நாட்டை விட்டார். அதன்பின் ஒரு நூற்றாண்டு மௌனம்.

இத்தோல்விக்குப் பலதார மணம், மொழி, கம்பெனியின் போக்கு ஆகியவை காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. எல்லாம் உண்மையே. ஆனால் இன்னொன்றும் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. அன்றைய போதனை, நம்பியவரை வீட்டை விட்டுப் புறப்படச் சொன்னது. மதம் மாறியவர்கள் ஊட்டாவில் வந்து கூட வேண்டும் என்பது அப்போதைய கொள்கை. வீட்டில் முளைத்த ஒரு சமயம், வீட்டைப் பிரிந்த ஆண்களால், வீடற்ற ஆண்களிடம், வீட்டைத் துறக்கச் சொல்லி வந்தது. வேர்பிடிக்க அதற்கு இங்கே மண் இருக்கவில்லை.

வேடிக்கை என்னவெனில், காப்பி அன்று தடையாக இருந்திருக்காது. 1853-இல் மதராஸின் சாமானிய வீடுகளில் காலைப் பொழுது நீராகாரத்தோடும் பழைய சோற்றோடும் விடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான் காப்பி நம் வீடுகளுக்குள் புகுந்து, விருந்தோம்பலின் அடையாளமாகவே ஆயிற்று. ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற தலைப்பிலேயே ஆ. இரா. வேங்கடாசலபதி இதை எழுதியிருப்பதை வாசகர்கள் அறிவர். மறுபுறம், ஊட்டாவில் குடியேறிய பழைய மார்மன்களில் பலர் காப்பியைக் குடித்தபடியேதான் இருந்தனர். ஆலயத்தில் நுழைவதற்கு ஞான வார்த்தையைக் கடைப்பிடிப்பது கட்டாயம் என்ற நிலை 1921 அளவில்தான் உறுதிப்பட்டது. நாம் காப்பியைப் பற்றிக்கொண்ட அதே காலத்தில் அவர்கள் அதைக் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

*

இரண்டாம் வருகை முற்றிலும் வேறு வகையானது. 1960-களில் கோயம்புத்தூரில் சிமெண்ட் தொழிற்சாலையில் பணியாற்றிய எஸ். பால் திருத்துவதாஸ் ஒரு துண்டுப் பிரசுரத்தின் வழியாக இச்சபையை அறிந்து, தாமே கடிதம் எழுதித் தேடிச் சேர்ந்தார். பிரசுரங்களைத் தமிழாக்கினார். கிராமத்து ஏழைப் பிள்ளைகளுக்குச் சிறு பள்ளிகள் நடத்தினார். வெளியிலிருந்து வந்த ஊழியர் எவரும் நிலையாகத் தங்காத காலம் அது.

ஹைதராபாத்தில் குடும்பமே வாசலாயிற்று. சமோவாத் தீவில் பூச்சியியல் அறிஞராக வேலை பார்த்த எட்வின் தர்மராஜுவும் மனைவி எல்சியும் அங்கே இச்சபையில் சேர்ந்தனர். 1978 டிசம்பரில் சொந்த ஊருக்கு வந்து உற்றாரிடம் பேசினர். ஏறத்தாழ இருபது உறவினர்கள் ஞானஸ்நானம் பெற்றனர். எல்சியின் தந்தை பாப்டிஸ்ட் போதகர். மார்மன் புஸ்தகத்தைத் தெலுங்கில் பெயர்க்கும் பணியை அவரே ஏற்றார். 1980-களின் தொடக்கத்தில் அந்நூலின் தெரிந்தெடுத்த பகுதிகள் தமிழிலும் வெளிவந்தன. 1993-இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு தனி ஊழியப் பகுதி அமைந்தது. 2012-இல் ஹைதராபாத்தில் நாட்டின் முதல் ‘ஸ்டேக்’, அதாவது பல சபைகளை உள்ளடக்கிய மறைவட்டம் போன்ற அமைப்பு, உருவாயிற்று. இன்று இந்தியாவில் தமது உறுப்பினர்கள் பதினாலாயிரத்துக்கும் மேல் என்று சபை கணக்குச் சொல்கிறது. நம் நாட்டு மக்கள்தொகையில் இது கடலில் கரைத்த பெருங்காயம். ஆயினும் 1853-இன் ஒரு கைப்பிடியோடு ஒப்பிட்டால் சிறிதன்று. இம்முறை யாரையும் வீட்டை விட்டுப் புறப்படச் சொல்லவில்லை. இருந்த இடத்திலேயே இருந்து கட்டுங்கள் என்று சொன்னார்கள்.

ஆனால் வீட்டின் வழியாக வரும் சமயம் வீட்டுக்குள்ளேயே கோடு கிழிக்கவும் செய்கிறது. சம்பந்தி வீட்டில் நீட்டப்படும் காப்பியை மறுப்பது நம்மிடையே உணவுப் பழக்கம் பற்றிய செய்தியன்று, உறவு பற்றிய செய்தி. சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு தசமபாகமாகப் போவது கூட்டுக் குடும்பத்துக் கணக்கில் எளிதன்று. கணவன், மனைவி, பிள்ளைகள் மரணத்துக்குப் பின்னும் பிரியாமலிருக்க அவர்களை ஆலயத்தில் ‘முத்திரித்தல்’ வேண்டும் என்பது இவர்களது நம்பிக்கை. வாராந்திர வழிபாட்டுக் கூடத்தில் அது நடக்காது. அதற்கென்றே பிரதிஷ்டை செய்த ஆலயம் வேண்டும். 2018-இல் பெங்களூருக்கு ஓர் ஆலயம் அறிவிக்கப்பட்டு, 2020 டிசம்பரில் பணி தொடங்கியது. அதுவரை இந்தியக் குடும்பங்கள் ஹாங்காங் போன்ற தொலைதூர நகரங்களையே நம்பியிருந்தன. பிள்ளைகளோடு விமானமேறப் பல ஆண்டு சேமித்தவர்கள் உண்டு.

*

முன்னோர் பெயர்களைத் தேடித் தொகுப்பதும் இவர்களுக்குச் சமயக் கடமை. இறந்தோருக்காக உயிரோடிருப்பவர் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெறலாம் என்பதால் பெயர்கள் தேவைப்படுகின்றன. நம்மிடம் தர்ப்பணத்தில்கூட மூன்று தலைமுறைப் பெயர்கள்தாம் வருகின்றன. தலைப்பெழுத்து முறையோ தந்தையின் பெயரோடு நின்றுவிடும். தாயின் பெயரும், தாயைப் பெற்றவளின் பெயரும் அதில் இடம்பெறுவதில்லை. மார்மன் குடிவழிப் படத்தில் ஆணுக்கு ஒரு கட்டம் என்றால் பெண்ணுக்கும் ஒரு கட்டம். பக்கத்து வீட்டு அம்மாள் நிரப்ப முடியாமல் வைத்திருந்தவை பெரும்பாலும் அந்தப் பெண்களின் கட்டங்களே. அவற்றை அறிந்தவர் ஒருவர்தான்: காப்பி குடிக்கும் மாமியார்.

எதற்குக் கேட்கிறாய் என்று கிழவி கேட்டார். மருமகள் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். கிழவிக்குக் கோபம் வந்தது. “எங்க ஆச்சி ஞானஸ்நானம் வாங்கினவதானே. செத்தவளுக்கு எதுக்கு இன்னொரு மட்டம்?” நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பனைக்காட்டில் கிறிஸ்தவரானவர்களின் வழிவந்தவர் கேட்கும் நியாயமான கேள்வி. ஏற்பதும் மறுப்பதும் இறந்தவரின் விருப்பம் என்பதே எங்கள் போதனை என்று மருமகள் பதில் சொன்னாராம். கிழவி பேசவில்லை. ஒரு வாரம் பெயரும் சொல்லவில்லை.

காப்பி மட்டும் இரண்டு வேளையும் தவறாமல் வந்தது.

பிறகு ஒரு திங்கட்கிழமை மாலை, பிள்ளைகள் பாடி முடித்தபின், டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கிழவி தாமாகவே சொல்லத் தொடங்கினார் என்று கேள்விப்பட்டேன். ஒரு நிபந்தனை விதித்திருக்கிறார்: எழுதி வைத்துக்கொள்ளலாம், பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும், தாம் சம்மதிக்கும்வரை அந்தப் பெயர்களை ஆலயத்துக்கு அனுப்பக் கூடாது. மருமகள் ஒப்புக்கொண்டார். தம் தாய், பாட்டி, பாட்டியின் தாய் என ஐந்து பெண்களின் பெயர்களைக் கிழவி அன்று சொன்னார். அந்த நோட்டுப் புத்தகத்தை எனக்கும் காட்டினார்கள். எந்தச் சபைப் பதிவேட்டில் தேடினாலும் கிடைக்குமா என்று சொல்ல முடியாத பெயர்கள். அனுப்பப்படாமல் இன்னும் அந்த வீட்டிலேயே இருக்கின்றன.