நெளிகோட்டைக் கற்றுக்கொண்டவர்கள்

1948 வசந்தத்தில் பென்சில்வேனியாவின் போகோனோ மலைப்பகுதியில் இயற்பியலாளர்கள் சிலர் கூடினார்கள். ஜூலியன் ஷ்விங்கர் மணிக்கணக்கில் பேசினார். பலகை முழுக்கச் சமன்பாடுகள். அவருக்குப் பிறகு ரிச்சர்ட் ஃபைன்மன் எழுந்து படம் போட ஆரம்பித்தார். வயது 29. கிட்டத்தட்ட யாருக்குமே புரியவில்லை. குவாண்டம் உலகில் துகளுக்குத் திட்டமான பாதை கிடையாது என்ற அரிச்சுவடியே இந்தப் பையனுக்குத் தெரியவில்லையோ என்று நினைத்து, நீல்ஸ் போர் எழுந்து பாடம் எடுத்தார்.

படம் என்னவோ எளிமையானதுதான். இரண்டு எலெக்ட்ரான்களுக்கு இரண்டு கோடுகள். ஒன்று விடும் ஃபோட்டானை மற்றது வாங்கிக்கொள்கிறது, அதற்கு நடுவில் ஒரு நெளிகோடு. ஆனால் இந்த ஒவ்வொரு கோட்டுக்கும், கோடுகள் சேரும் ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்கில் ஓர் உறுப்பு உண்டு. படத்தைப் போட்டுவிட்டால் அதைப் பார்த்தே தொகையீட்டை எழுதிவிடலாம். துல்லியம் கூடக்கூட நெளிகோடுகள் பெருகும். எதை விட்டோம், எதை இரண்டு முறை எண்ணினோம் என்று தலைசுற்றும் இடத்தில் படம் கணக்குப்பிள்ளை வேலை பார்க்கும்.

ஃபைன்மன் கதையை நாம் பொதுவாகத் தனி மேதையின் கதையாகவே சொல்லிப் பழகியிருக்கிறோம். போங்கோ வாசிப்பார், பூட்டு உடைப்பார், நடுவில் நோபல் பரிசு. எனக்கு அதில் அலுப்பு வந்துவிட்டது. வரலாற்றாசிரியர் டேவிட் கைசர் 2005இல் வெளியிட்ட புத்தகம் வேறொன்றைக் கேட்கிறது: போகோனோவில் யாருக்கும் புரியாத படம், சில ஆண்டுகளில் எப்படி எல்லா மாணவர்களின் நோட்டிலும் ஏறியது?

பதிலின் முதல் பாதி ஃப்ரீமன் டைசன். 1948 கோடையில் 24 வயதுப் பையன், ஃபைன்மனோடு காரில் அல்புகர்க்கி வரை போனான். வழியெல்லாம் பேச்சு. அந்த இலையுதிர்காலத்தில் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்துக்கு வந்தபோது அங்கே புதுக் கட்டடம் தயாராகவில்லை. முனைவர் பட்டம் முடித்து வந்திருந்த இளைஞர்களை ஒரே அறையில் மேசை போட்டு உட்காரவைத்திருந்தார்கள். டைசன் பலகையில் போட்டுக் காட்ட, மற்றவர்கள் போட்டுப் பார்த்தார்கள். ஃபைன்மன் கட்டுரைகள் 1949 செப்டம்பரில்தான் வந்தன. அதற்குள் அந்த அறைக்குக் கை பழகிவிட்டது. அங்கிருந்து ஒவ்வொருவரும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கு வேலைக்குப் போய், தங்கள் மாணவர்களை உட்காரவைத்து வரையச் சொன்னார்கள்.

மென்பொருள் வேலையில் இருக்கும் எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. வேறு ஊரிலிருந்து ஒருவர் அனுப்பும் வடிவமைப்புப் படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் உற்றுப் பார்க்கலாம். அவர் வந்து, நான் போட்ட அம்புக்குறியைக் கையாலேயே அழித்துத் திருப்பிப் போடும்போதுதான் விஷயம் மண்டையில் ஏறும். அந்த அறைக்குள் வர முடியாதவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கும் கைசரிடம் பதில் இருக்கிறது. பனிப்போர் காலத்தில் சோவியத் ஒன்றியத்துக்கும் அமெரிக்காவுக்கும் நடுவில் ஆட்கள் போய்வர வழியில்லை. அங்கேயும் பெரிய மூளைகளுக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் படம் மெதுவாகத்தான் வேர்விட்டது.

சேர்ந்து வரைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. அந்த அறையிலிருந்த ராபர்ட் கார்ப்ளஸும் நார்மன் க்ரோலும் எலெக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறனுக்கு அடுத்த நிலைத் திருத்தத்தைக் கணக்கிட்டு 1950இல் வெளியிட்டார்கள். புது முறையின் வெற்றியாகக் கொண்டாடப்பட்ட கணக்கு அது. அதில் வந்த கெழு −2.973. 1957இல் பீட்டர்மனும் சாமர்ஃபீல்டும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தபோது வந்தது −0.328. ஏழு வருஷம் தப்பான எண் உலவியிருக்கிறது! படங்கள் சரிதான், தொகையீட்டைப் போடும்போது சறுக்கிவிட்டது.

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் கார்ப்ளஸ்தான். பெர்க்லியில் பேராசிரியராக இருந்தவர், தன் மகளின் பள்ளி வகுப்புக்குப் போய் நிலைமின்சாரம் காட்டப்போய், கொஞ்சம் கொஞ்சமாகக் கோட்பாட்டு இயற்பியலை விட்டே விலகிவிட்டார். 1960களில் தொடக்கப்பள்ளிக்கான அறிவியல் பாடத்திட்டம் ஒன்றை உருவாக்கினார். முதல் வகுப்புக் குழந்தைகள் அதில் பொருட்களைக் கையில் எடுத்து, தட்டி, உருட்டி, வகைபிரித்துப் பார்ப்பார்கள். 'பண்பு' என்ற சொல்லை ஆசிரியர் அதற்கப்புறம்தான் வாயைத் திறந்து சொல்வார்.